நானுஓயாக் குளிரில் ஒற்றைக் கோழிக்குஞ்சு: எப்படிக் காப்பாற்றுவது?

லயத்துப் பிள்ளை, நானுஓயா

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஆலோசனை வேண்டும். எங்கள் அடைக்கோழியை நேற்றிரவு மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கூடைக்குள் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த கோழி. நேற்று மாலையே ஒரு குஞ்சு பொரித்திருந்தது. அது கூடையின் அடியில் சாக்கு மடிப்புக்குள் ஒடுங்கிக் கிடந்ததால் தப்பியிருக்கிறது. மற்ற முட்டைகள் விடியும்போது சில்லிட்டுப் போயிருந்தன.

குஞ்சை ஒரு காட்போட் பெட்டியில் கடதாசி விரித்து வைத்திருக்கிறோம். ஓயாமல் கத்துகிறது. தம்பி உள்ளங்கையில் பொத்திக்கொண்டால் உடனே அடங்கிக் கண்ணை மூடுகிறது. இறக்கி வைத்தால் மறுபடியும் அதே கத்தல். குருணல் போட்டோம், தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. வீட்டில் இருப்பது எல்.ஈ.டி. மின்குமிழ் மட்டும்தான். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராவில் எல்லோரும் “ஒற்றைக் குஞ்சு தங்காது, வீணாக மெனக்கெடாதீர்கள்” என்கிறார்கள். தம்பி அழுகிறான். உண்மையிலேயே தங்காதா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர், கண்டி

மகள், தங்கும். கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்த காலத்தில் மலையகத் தோட்டங்களில் ஒற்றைக் குஞ்சாக வளர்ந்து முட்டையிட்ட கோழிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த சில மணிநேரம் முக்கியமானது. சொல்லும் வரிசைப்படி செய்யுங்கள்.

தீனியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்பு குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட அது தாக்குப்பிடிக்கும். அடைகாக்கும் பண்ணைகள் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனியில்லாமல் பெட்டியில் அடைத்துத் தொலைதூரம் அனுப்புவது இந்த மஞ்சட்கருவை நம்பித்தான். ஆகவே அது சாப்பிடவில்லை என்று வாயைத் திறந்து எதையும் ஊட்டாதீர்கள். சொட்டுத் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் அதோடு முடிந்தது.

அது கேட்பது சூடு. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். அதன் பஞ்சு மயிர் வெப்பத்தைப் பிடித்து வைக்கப் போதாது. உடலைத் தானாகச் சூடாக வைத்துக்கொள்ளும் திறனும் இன்னும் வரவில்லை. பத்துக் குஞ்சு இருந்தால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சமாளிக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. தம்பியின் கையில் அடங்குகிறது என்றீர்களே, அதில் பாதி சூட்டுக்காக.

ஒரு கண்ணாடிப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிக் கவிழ்த்து, கசிகிறதா என்று பாருங்கள். பழைய துணியால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் படுக்க வையுங்கள். மற்ற மூலை வெறுமையாக இருக்க வேண்டும்; சூடு அதிகமானால் குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும் அல்லவா? பெட்டியின் மேல் பாதியைச் சாக்கால் மூடிவிடுங்கள். கடதாசியை உடனே எடுத்துவிடுங்கள். வழுக்கும் தரையில் நிற்கப் பார்க்கும் குஞ்சுக்குக் கால்கள் இரு பக்கமும் விரிந்து அப்படியே நின்றுவிடும். சொரசொரப்பான துவாயோ சாக்கோ விரியுங்கள்.

இன்னொன்று. குளிர்ந்த முட்டைகளை எறிந்துவிட்டீர்களா? பொரிக்கும் தறுவாயில் இருக்கும் முட்டை சில மணிநேரக் குளிரைத் தாங்குவதுண்டு. இருட்டில் டோர்ச் வெளிச்சத்தின் மேல் பிடித்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால், காதில் வைத்து உள்ளே கொத்தும் சத்தம் கேட்டால், அதையும் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். துணை தேடி அலைய வேண்டியிருக்காது.

மட்டக்களப்புக்காரன்

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு பாடு தேவையா? எங்கள் பக்கம் தாயில்லாக் குஞ்சை ஒரு ஓலைப் பெட்டியில் வைக்கோல் போட்டு வைப்போம்; பகலில் வெயிலில் கூடையைக் கவிழ்த்து உள்ளே விடுவோம். குருணலும் கறையான் புற்றும் போதும். வளர்ந்துவிடும். போத்தல், பாகைக் கணக்கு எல்லாம் சொன்னால் சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

பண்டாரவளைப் பண்ணை

அண்ணா, உங்கள் ஊருக்கு அது சரி. மட்டக்களப்பில் ஜனவரி இரவிலும் வெப்பம் சராசரியாக 23 பாகை அளவில் இருக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடிகாலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிந்து மரக்கறிச் செடி கருகுகிறது. நானுஓயா அதற்குப் பக்கத்து ஊர். அங்கே வைக்கோல் பெட்டியில் ஒற்றைக் குஞ்சை விட்டால் முதல் இரவே விறைத்துவிடும். பகல் வெயிலையும் நம்ப முடியாது. பதினொரு மணிக்கு வெயில், பன்னிரண்டு மணிக்கு மூடுபனி.

தங்கச்சி, மின்குமிழைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். எல்.ஈ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழைக் குமிழ் 40 அல்லது 60 வாட் கிடைத்தால் நல்லது. ஆனால் பெட்டிக்குள் தொங்கவிடும்போது கம்பியால் இறுகக் கட்டுங்கள், துணியும் கடதாசியும் அதில் படவே கூடாது. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் போகும். என்னைக் கேட்டால் போத்தலே உத்தமம். 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை நீண்டபோது எங்கள் குஞ்சுகளைக் காப்பாற்றியவை சுடுதண்ணீர்ப் போத்தலும் செங்கல்லும்தான். செங்கல்லை அடுப்போரம் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சாக்கில் சுற்றி வைத்தால் நல்ல நேரம் சூடு நிற்கும். இரவில் ஒன்று பெட்டியில், ஒன்று அடுப்போரம் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

லயத்துப் பிள்ளை, நானுஓயா

ஐயா, அண்ணா, மிக்க நன்றி. போத்தல் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கத்தல் பாதியாகக் குறைந்துவிட்டது. துணியின் மேல் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு தூங்குகிறது. முட்டைகளை டோர்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றில் மெல்லிய அசைவு தெரிந்தது போலிருந்தது, போத்தலருகே வைத்திருக்கிறோம். மற்றவற்றில் எதுவும் இல்லை.

இரண்டு சந்தேகம். வெப்பமானி இல்லாமல் 35 பாகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் மட்டும்தான் இருக்கிறது. தம்பி ஒரு சட்டியில் கரித்தணலைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்கிறான்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், கண்டி

கரித்தணல் வேண்டவே வேண்டாம், மகள். கதவு ஜன்னல் சாத்திய காம்பராவில் தணல் வைத்தால் காபனோரொட்சைட்டு வாயு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. குஞ்சு மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் நீங்களும் எழுந்திருக்க மாட்டீர்கள். தம்பிக்கு இதை நன்றாகச் சொல்லி வையுங்கள். அடுப்புப் புகை சுற்றும் இடத்திலும் பெட்டியை வைக்காதீர்கள்; பறவையின் நுரையீரல் மனிதருடையதைவிட மென்மையானது.

காய்ச்சல் வெப்பமானியே போதும். அதில் அளவு 35 பாகையில்தான் தொடங்கும். குஞ்சு படுக்கும் உயரத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள். பாதரசம் 35ஐத் தாண்டி ஏறினால் சூடு அதிகம், இன்னொரு சுற்றுத் துணி சுற்றுங்கள். ஏறவில்லை, ஆனால் கையை வைத்தால் நல்ல இளஞ்சூடு என்றால் சரியான இடம். வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஆனால் வெப்பமானியைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். கூட்டமாக வளர்ப்பவர்கள், குஞ்சுகள் நெருங்கிக் கிடந்தால் குளிர், சிதறி ஓரங்களில் கிடந்தால் சூடு என்று கண்டுகொள்வார்கள். ஒற்றைக் குஞ்சில் அந்த அடையாளம் கிடைக்காது. காதால்தான் கேட்க வேண்டும். ஓங்கி, இடைவிடாமல், ஒரே சுருதியில் கத்தினால் குளிர் அல்லது தனிமை. போத்தலோடு சேர்த்து வைத்தும் கத்தினால் தனிமை. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகைத் தளர்த்திக்கொண்டு எதிர் மூலையில் கிடந்தால் சூடு மிஞ்சிவிட்டது. தாழ்ந்த குரலில் விட்டு விட்டு முணுமுணுத்துக்கொண்டு அங்குமிங்கும் கொத்தினால் திருப்தியாக இருக்கிறது. கத்திக்கொண்டிருந்த குஞ்சு சூடு ஏறாமலேயே திடீரென்று அமைதியானால்தான் பயப்பட வேண்டும். கையில் எடுத்து, கால் சில்லிட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

அம்மாயி வீடு, தலவாக்கலை

தங்கச்சி, எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். இன்றைக்கே ஒரு அடைக்கோழியைத் தேடுங்கள். போத்தலும் செங்கல்லும் ஒரு கோழியின் வயிற்றுக்கு ஈடாகாது. சூடு, துணை, எதைக் கொத்த வேண்டும், பருந்தைக் கண்டால் எங்கே ஒளிய வேண்டும், எல்லாவற்றையும் அது ஒன்றே கொடுத்துவிடும்.

எங்கள் அம்மாயி இதில் கெட்டிக்காரி. பல லயங்களிலிருந்தும் தாயில்லாக் குஞ்சை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். முட்டைக்காகப் பண்ணையில் வளர்க்கும் லேயர் கோழிகளில் தேடாதீர்கள், அவற்றுக்கு அடை உட்காரும் குணமே பெரும்பாலும் போய்விட்டது. ஊர்க்கோழியில் கேளுங்கள். சும்மா கொக்கரித்துக்கொண்டு திரிகிற கோழி உதவாது. கிட்டே கையைக் கொண்டுபோனால் மயிரைச் சிலிர்த்து உறுமிக்கொண்டு, இடத்தைவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். அடை உட்கார்ந்து இரண்டு வாரமாவது ஆகியிருந்தால் நல்லது. குஞ்சு பொரித்து மூன்று நாளுக்குள் இதைச் செய்துவிட வேண்டும். நாள் போகப் போக இரண்டுமே ஒன்றையொன்று ஏற்காது.

நன்றாக இருட்டிய பிறகு போங்கள். வெளிச்சம் காட்டாதீர்கள். குஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, கையின் முதுகுப் பக்கம் கோழிக்குத் தெரியும்படி, பின்பக்கத்திலிருந்து மெதுவாக அடிவயிற்றுக்குள் நுழையுங்கள். கோழி கொத்தினால் உங்கள் புறங்கையில்தான் படும், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விட்டதும் கையைச் சட்டென்று இழுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள். வரும்போது ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். சிறிது நேரத்தில் கோழி ‘க்ளுக் க்ளுக்’ என்று அடித்தொண்டையில் பேசத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஆனால் விடியும் முன் போய் அங்கே நின்றுகொள்ளுங்கள். வெளிச்சத்தில் குஞ்சைக் கண்டதும் தலையில் கொத்தும் கோழியும் உண்டு. அப்படியானால் உடனே எடுத்துவிடுங்கள், “பழகிவிடும்” என்று விட்டுவிட்டு வராதீர்கள்.

கோழிக்காரர் தயங்கினால் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பேசுங்கள். குஞ்சு பெட்டையாகி முட்டையிடும்போது முதல் ஈட்டில் பாதி உங்களுக்கு என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஹப்புத்தளை ஆசிரியை

அக்கா சொன்ன மூன்று நாள் கணக்கில் பெரிய உண்மை இருக்கிறது. டக்ளஸ் ஸ்போல்டிங் என்ற ஆங்கிலேயர் 1873இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொரித்த குஞ்சுகளின் கண்ணை மூடி வைத்து, வெவ்வேறு நாட்களில் திறந்துவிட்டுப் பார்த்தார். முதல் மூன்று நாட்களுக்குள் கண் திறந்தவை அவர் பின்னாலேயே ஓடின. நான்காம் நாள் திறந்தவை அவரைக் கண்டு அலறி ஓடின. பிற்காலத்தில் ஒஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார், 1935இல் வெளியிட்டார், 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி குஞ்சை நாள் முழுவதும் கையிலேயே வைத்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த நாட்களில் எது அதன் கண்முன் அசைகிறதோ அதைத்தான் அது தன் இனம் என்று பதித்துக்கொள்ளும். பிறகு கோழிகளோடு சேர்த்தால் கோழிகளைக் கண்டு பயந்து மனிதக் காலைச் சுற்றும். அடைக்கோழி கிடைக்கும்வரை பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடியைக் குஞ்சின் உயரத்துக்கு நிறுத்தி வையுங்கள். தன் உருவத்தைப் பக்கத்தில் கண்டால் கத்தல் குறையும். பழைய கம்பளித் தொப்பியையோ நூல் நூலாகத் தொங்கும் துடைப்பத் துணியையோ மேலிருந்து தொங்கவிட்டால் அதனடியில் நுழைந்துகொள்ளும். தாயின் சிறகடியில் முதுகில் படும் அந்த ஸ்பரிசம் அதற்கு வேண்டும்.

மட்டக்களப்புக்காரன்

ஆசிரியை அவர்களே, இதை நான் ஏற்க மாட்டேன். கண்ணாடி சூடு தராது, பதில் குரலும் கொடுக்காது. உயிருக்குப் போராடும் ஒரு பிராணியைப் பிற்காலத்தில் கோழிகளோடு சேராது என்று இப்போது கத்த விடுவதா? முதலில் பிழைக்கட்டும். பிள்ளை கையில் வைத்திருந்தால் அதுதான் இப்போது அதற்குத் தாய்.

ஹப்புத்தளை ஆசிரியை

கத்த விடச் சொல்லவில்லை, அண்ணா. கத்தும்போது எடுக்கட்டும், சட்டைக்குள் வைத்துத் தூங்கப் பண்ணட்டும். தூங்கிய பிறகு பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், தாய் மலைக்குப் போக வேண்டும். ஒரு மனிதரை மட்டுமே தாயாக நம்பிய குஞ்சு, அந்த மனிதர் இல்லாத எட்டு மணிநேரம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கத்தலை நான் கேட்டிருக்கிறேன், இன்னொரு முறை கேட்க மனம் தாங்காது.

பிள்ளைகளுக்கு ஒரு முக்கிய விடயம்: குஞ்சைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், முத்தமிடாதீர்கள். பார்வைக்குச் சுகமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் வயிற்றோட்டக் கிருமி இருக்கலாம்.

பண்டாரவளைப் பண்ணை

அடைக்கோழி கிடைக்காவிட்டால் இன்னொரு வழி, ஒரு நாள் குஞ்சு வாங்கித் துணைக்கு விடுவது. ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும். ப்ரொய்லர் குஞ்சு வேண்டாம். அது இரண்டு வாரத்தில் மளமளவென்று பருத்து உங்கள் ஊர்க்குஞ்சை மிதித்துவிடும். லேயர் குஞ்சு அல்லது ஊர்க்குஞ்சு, வயது ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசப்படாமல். எங்கே வாங்கினாலும் பொரித்த நாளிலேயே மரெக் நோய்த் தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், கண்டி

சந்தையில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத குஞ்சை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பல இடத்துக் குஞ்சுகளை ஒரே பெட்டியில் கலந்து விற்பார்கள். இரத்தக் கழிச்சலும் ராணிக்கட் என்ற கோழிக் கொள்ளைநோயும் அப்படித்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பயணம் செய்கின்றன. நம்பிக்கையான பண்ணையிலிருந்து என்றால் எனக்கு மறுப்பில்லை. அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

லயத்துப் பிள்ளை, நானுஓயா

அசைவு தெரிந்த முட்டையும் பொரிக்கவில்லை. ஓட்டில் ஒரு சின்னக் கீறல்கூட விழவில்லை. தம்பி மிகவும் வருந்துகிறான்.

குஞ்சு உயிரோடு இருக்கிறது! இரவில் அம்மா எழுந்து எழுந்து செங்கல் மாற்றினார். ஆனால் இன்று காலை பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து கட்டியாக நிற்கிறது. பிய்த்து எடுக்கலாமா? வயிற்றுக்குக் கீழே கறுப்பாக ஒரு சின்ன நூல் போலவும் தொங்குகிறது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், கண்டி

அந்தக் கறுப்பு நூலைத் தொடாதீர்கள். அது தொப்புள். தானாகக் காய்ந்து விழும். அதை எச்சம் என்று நினைத்து இழுத்துக் குடல் வெளியே வந்து செத்த குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். வயிற்றின் நடுவில் இருப்பது தொப்புள். அதற்குப் பின்னால், வால் முளைக்கும் இடத்துக்குக் கீழே இருப்பது எச்சவாய். முதலில் இரண்டையும் வேறுபடுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சவாயில் ஒட்டியிருப்பதை எடுக்கத்தான் வேண்டும், அடைத்துக்கொண்டால் கழிக்க முடியாமல் இறந்துவிடும். ஆனால் பிய்க்கக் கூடாது, தோலோடு வரும். இளஞ்சூடான நீரில் துணியை நனைத்து அந்த இடத்தில் ஒற்றிப் பிடியுங்கள். கட்டி ஊறி இளகிய பிறகு மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். நன்றாகத் துவட்டி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி, உடனே சூட்டுக்குக் கொண்டுபோங்கள். ஈரத்தோடு விட்டால் இந்தக் குளிரில் நிமிடங்களில் துவண்டுவிடும். குளிர் பட்டு அலைந்த குஞ்சுக்கு இப்படி வருவதுதான், சில நாள் காலையும் மாலையும் பாருங்கள்.

அம்மாயி வீடு, தலவாக்கலை

தீனி கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, தங்கச்சி. முதலில் தண்ணீர். போத்தல் மூடியில் ஊற்றி, உள்ளே சின்னக் கூழாங்கல் நாலைந்து போடுங்கள். தடுக்கி விழுந்தாலும் நனையாது. குளிர்ந்த பீலித் தண்ணீரை அப்படியே வைக்காமல் இளஞ்சூடாக்கி வையுங்கள். அலகின் நுனியை மட்டும் ஒருமுறை தொட்டுக் காட்டினால் போதும், தலையைத் தூக்கி விழுங்கிவிட்டு அடுத்த முறை தானே வரும்.

கடையில் குஞ்சுத் தீனி வாங்கும்வரை அவித்த முட்டையின் மஞ்சட்கருவை உதிர்த்து, ஊறவைத்துப் பிழிந்த பொடிக் குருணலோடு பிசறிக் கொடுங்கள். குரக்கன் இருந்தால் இடித்துச் சேருங்கள். ஒரு தட்டையான மூடியில் பரப்பிவிட்டு, விரல் நுனியால் டக் டக் என்று தட்டுங்கள். தாய் கொத்திக் காட்டுகிறது என்று நினைத்து ஓடிவந்து உங்கள் நகத்துக்குப் பக்கத்தில் கொத்தும். முட்டை சேர்ந்த தீனியை மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுங்கள், புளித்துவிடும்.

பண்டாரவளைப் பண்ணை

கடையில் கேட்கும்போது குஞ்சுத் தீனி என்று அழுத்திச் சொல்லுங்கள். புரதம் 18 முதல் 20 சதவீதம் இருக்கும். சில்லறையாக அள்ளிக் கொடுக்கும்போது லேயர் தீனியைக் கலந்துவிடுவார்கள். முட்டையிடும் கோழிக்காக அதில் கல்சியம் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது 1 சதவீதம் மட்டுமே. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும்.

மடுல்சீமை வாசகர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பையன் தேயிலைச் செடியடியில் ஒற்றைக் குஞ்சு ஒன்றைக் கண்டு எடுத்து வந்திருக்கிறான். முதுகில் பழுப்புக் கோடு இருக்கிறது. இதே முறையில் வளர்க்கலாமா?

ஹப்புத்தளை ஆசிரியை

தேயிலை மலைக்குள் கிடைத்ததென்றால் அது காட்டுக்கோழிக் குஞ்சாக இருக்கலாம், நம் நாட்டின் தேசியப் பறவை. முதுகுக் கோடு ஊர்க்குஞ்சுகள் சிலவற்றுக்கும் உண்டு என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, கிடைத்த இடத்தை வைத்துத்தான். தயவுசெய்து எடுத்த இடத்திலேயே உடனே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். தாய்க்கோழி ஆள் அரவம் கேட்டுப் பக்கத்துப் புதரில்தான் ஒளிந்திருக்கும். நீங்கள் தூரப் போய்விட்டால் குஞ்சின் குரல் கேட்டு வரும். அது பெட்டிக்குள் மிரண்டு மிரண்டே சாகும் இனம். இந்தப் பிள்ளையின் குஞ்சுக்குத் தாய் இல்லை. உங்கள் பையன் எடுத்ததற்குத் தாய் இருக்கிறது.

லயத்துப் பிள்ளை, நானுஓயா

அடைக்கோழி கிடைத்துவிட்டது! மேல் லயத்தில் ஒரு அத்தை வீட்டில் சாம்பல் நிற ஊர்க்கோழி ஒன்று கூமுட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருக்கிறது. வாரத்துக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை, கேட்டவுடனே சரி என்றார். தலவாக்கலை அக்கா சொன்னபடியே இருட்டிய பிறகு அம்மா கையை விட்டார். கோழி இரண்டு முறை கொத்தியது. பிறகு உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து, சிறகை லேசாக விரித்து, மீண்டும் அழுத்தி உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல், அதற்குக் கோழியின் க்ளுக் சத்தம்.

விடிகாலையில் நாங்கள் எல்லோரும் போய் நின்றோம். கொத்தவில்லை. குஞ்சு சிறகின் முன்பக்கத்தால் தலையை நீட்டிப் பார்த்தது. கோழி தரையில் கொத்திக் காட்டியதும் வெளியே வந்தது. ஆனால் ஒரு பிரச்சினை. தம்பியின் குரல் கேட்டவுடன் கோழியை விட்டுவிட்டு அவன் காலடிக்கு ஓடிவருகிறது. கோழி பதறிக்கொண்டு பின்னாலேயே வந்து கூப்பிடுகிறது.

ஹப்புத்தளை ஆசிரியை

கேட்க எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது! தம்பியைச் சில நாட்களுக்கு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். தீனியும் தண்ணீரும் அத்தையே வைக்கட்டும். கோழியையும் குஞ்சையும் ஒரு சிறிய கூட்டுக்குள் அடைத்தே வையுங்கள், வெளியே ஓட இடம் இருக்கக் கூடாது. குளிரும்போதெல்லாம் கோழியின் அடிவயிறுதான் சூடு என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் தானாக அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

மட்டக்களப்புக்காரன்

பிள்ளைகள் இருவருக்கும் வாழ்த்து. தம்பி கையில் வைத்திருந்ததால்தான் முதல் நாள் பிழைத்தது என்று இன்னும் சொல்வேன். ஆனால் இப்போது ஆசிரியை சொல்வதைக் கேளுங்கள்.

லயத்துப் பிள்ளை, நானுஓயா

தம்பி சம்மதித்துவிட்டான். அத்தை வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்க்க மட்டும் அனுமதி கேட்கிறான். இன்று மத்தியானம் பார்த்தபோது மழைக்கு இரண்டும் சாக்கின் மேல் இருந்தன, கோழியின் கழுத்துக்குக் கீழே மஞ்சள் அலகு மட்டும் தெரிந்தது. எப்போது வெளியே மேய விடலாம்? தடுப்பூசி எப்போது?

ஓய்வுபெற்ற போதனாசிரியர், கண்டி

தாய் இருப்பதால் வெயிலடிக்கும் நேரத்தில், ஈரமில்லாத தரையில், ஒரு வாரம் கழித்துக் கொஞ்ச நேரம் விடலாம். மழையிலும் மூடுபனியிலும் வேண்டாம். நனைந்த புல்லில் தாயின் பின்னால் இழுபட்டுத்தான் மலையகத்தில் குஞ்சுகள் அதிகமாகப் போகின்றன. ஐந்து ஆறு வாரத்தில் இறகு மூடிவிடும், அதன் பிறகு தாய் விரட்டினாலும் தாங்கும். ராணிக்கட், கோழி அம்மைத் தடுப்பூசிகளின் நாட்களைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு குஞ்சுக்காகக் குப்பியை உடைக்க மாட்டார்கள், ஆகவே லயத்தில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள்.

மிக முக்கியமானதை யாரும் சொல்லவில்லை. உங்கள் கோழியைப் பிடித்த மரநாய் திரும்ப வரும். ஒருமுறை இரை கிடைத்த வரிசையை அது விடாது. அத்தை கோழியை எங்கே அடைக்கிறார்? இஸ்தோப்பில் கூடை என்றால் இன்றிரவே மாற்றுங்கள். பலகைப் பெட்டி, முன்பக்கம் அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான இரும்பு வலை. பெரிய கண் வலையாக இருந்தால் கையை விட்டு இழுத்துவிடும். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, ஆணி குத்தும் கொளுக்கியாக இருக்கட்டும். கூரைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் அடைத்துவிடுங்கள்.

லயத்துப் பிள்ளை, நானுஓயா

கூடையில்தான் ஐயா இருக்கிறது. அத்தையிடம் இப்போதே சொல்லிவிட்டேன். மாமா பழைய கொழுந்துப் பெட்டிப் பலகைகளை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். வலைக்கு அம்மா நானுஓயாக் கடைக்குப் போயிருக்கிறார். அது பொருத்தி முடியும்வரை, இன்றிரவுக்குக் கோழியும் குஞ்சும் அத்தையின் காம்பராவுக்குள் கட்டிலடியில்.